களிறும் கோழியும்: திருவையாற்றுப் பதிகத்தில் இயற்கைக் காட்சி

தேவாரத் திருப்பதிகங்களை வகுப்பறையிற் கற்பிக்கும்போது நம்மிற் பலர் கைக்கொள்ளும் முறை ஒன்றுண்டு. பாடலை இரு கூறாக்கி, இறைவனைப் பற்றிய பகுதிக்கு விரிவாகப் பொருள் கூறுகின்றோம். சோலை, வண்டு, வாளை, மந்தி, நாரை என்பன வரும் பகுதியை ‘இயற்கை வருணனை’ என்ற இரு சொற்களில் அடக்கி அப்பாற் செல்கின்றோம். மாணவரும் அவ்விரு சொற்களையே விடைத்தாளில் எழுதி, அதற்குரிய புள்ளியைப் பெற்றுவிடுகின்றனர். நாளடைவில், அப்பகுதி பாட்டின் ஓசையை நிரப்புதற்காக வைக்கப்பட்டது என்னும் எண்ணம் கற்பிப்போர் உள்ளத்திலும் கற்போர் உள்ளத்திலும் வேரூன்றிவிடுகின்றது.

இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். நாயன்மார் பாடல்களில் வரும் எளிய இயற்கைப் பொருள்கள் அணிகலன்கள் அல்ல. இறைவன் உளன் என்பதை நிறுவக் கொண்டுவந்த சான்றுகளும் அல்ல. அவை காட்சி நிகழும் இடங்கள். இதனை உணராது விடின், பாட்டின் ஒரு பாதியை மட்டுமன்றி மற்றப் பாதியையும் இழந்தவர்களாவோம். இதனை நிறுவுதற்குத் திருநாவுக்கரசர் திருவையாற்றிற் பாடிய, நான்காந் திருமுறையில் அமைந்த, பிறைக் கண்ணியானைப் பாடும் பதிகத்தை முதன்மையாக எடுத்துக்கொள்வோம்.

இப்பதிகம் எழுந்த வரலாற்றைக் கூறுபவர் 12 ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார். முதுமை எய்திய திருநாவுக்கரசர் கயிலை மலையிற் சிவபெருமான் வீற்றிருக்கும் கோலத்தைக் காண வேண்டும் என்னும் பெருவிருப்பினால் வடதிசை நோக்கி நடந்தார். காளத்தி, திருப்பருப்பதம், காசி ஆகிய தலங்களைக் கடந்து, மனிதர் செல்லாத கானகத்தினுட் புகுந்தார். பாதங்கள் தேய்ந்தன, கைகளை ஊன்றிச் சென்றார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது உடம்பைப் புரட்டிச் சென்றார். அப்போது முனிவர் ஒருவர் எதிர்ப்பட்டு, மானிட உடம்புடன் கயிலையை அடைதல் இயலாது, மீண்டு செல்க என்றார். ஆளும் நாயகன் கயிலையிலிருக்கை கண்டல்லது மாளும் இவ்வுடல் கொண்டு மீளேன் என்ற உறுதியுடையவர் அவர். அவ்வுறுதியைக் கண்ட இறைவன், அருகிலிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கே அக்கோலத்தைக் காண்பாயாக என்று பணித்தருளினான். அவ்வாறே மூழ்கியவர் காவிரிக் கரையிலுள்ள ஐயாற்றில் ஒரு வாவியில் எழுந்தார். எழுந்து கண்டவை யாவை என்பதையே பதிகம் கூறுகின்றது.

கயிலையைக் காணப் புறப்பட்டவர் கண்டவை எவை? பனிமூடிய சிகரங்கள் அல்ல. பூதகணங்கள் சூழ்ந்த பொற்கோயிலும் அன்று. பிடியோடு கூடி வரும் களிறு; பெடையோடு கூடி வரும் கோழி; குயில், மயில், நாரை, பைங்கிளி ஆகிய பறவைகள் தத்தம் துணையோடு வரும் வரவு; இடிபோன்ற குரலையுடைய பன்றி; இறுதியில், இளம் பசுவைத் தழுவி வரும் ஏறு. பதினொரு பாடல்களிலும் இத்தகைய இணைகளே வருகின்றன. யானையோடு பதிகம் தொடங்குதல் இயல்பே என்று கூறலாம். அது பெருமைக்குரிய விலங்கு. ஆனால் யானைக்கு அடுத்த பாட்டிலேயே கோழி வருகின்றது என்பதை நாம் நின்று நோக்க வேண்டும். நம் வீட்டு முற்றத்தில் குப்பையைக் கிளறும் கோழி, கயிலைக் காட்சியில் யானைக்கு அடுத்த இடத்தைப் பெறுகின்றது. களிற்றுக்குக் கூறிய அதே முடிபு, ஒரு சொல்லும் குறையாமல், கோழிக்கும் கூறப்படுகின்றது. இரண்டினிடத்தும் நாவுக்கரசர் கண்டது ஒன்றே.

பதிகத்தின் அமைப்பையும் சிறிது ஆராய்தல் வேண்டும். ஒவ்வொரு பாட்டும் பிறையைச் சூடிய பெருமானை உமையம்மையாரோடு சேர்த்துப் பாடுவதாகத் தொடங்குகின்றது. விலங்கோ பறவையோ தன் துணையோடு வருவதைக் கண்டதாக வளர்கின்றது. திருவடியைக் கண்டதாகவும், முன் கண்டறியாதவற்றைக் கண்டதாகவும் முடிகின்றது. ஆகவே, பாடுதல் முன்னும் காணுதல் பின்னுமாக நிகழ்கின்றன. இறைவனையும் இறைவியையும் இணையாகப் பாடிய நாவுக்கு உரியவரின் கண்களுக்கே, வழியில் வரும் இணைகள் பொருளுடையன ஆகின்றன. பாட்டு கண்ணைப் பழக்குகின்றது எனலாம். சமய இலக்கியத்தை இளமையிற் கற்பிப்பதன் பயன் யாது என்று வினவுவோர்க்கு இப்பதிகத்தின் அமைப்பே தக்க விடையாகும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. கயிலையை நாடிச் சென்ற பயணம் முழுவதும் நாவுக்கரசரே செல்பவர். காணப்பட வேண்டிய பொருள் சேய்மையில் நிற்பது. ஐயாற்றிலோ நிலைமை மாறுகின்றது. விலங்குகளும் பறவைகளும் ‘வருவன’ என்றே ஒவ்வொரு பாட்டிலும் கூறப்படுகின்றன. தேடிச் சென்றவர் முன் தேடப்பட்டது தானே வருகின்றது. அவரோ பூவும் நீரும் சுமந்து திருக்கோயிலுட் புகுவார் பின்னே தாமும் ஒருவராகப் புகுகின்றார். எவ்வகைச் சுவடும் படாமல் ஐயாற்றை அடைந்ததாகக் கூறுகின்றாரேயன்றி, பட்ட துன்பம் எதனையும் பதிகத்தில் எடுத்துரைக்கவில்லை. அருஞ்செயலாற் பெறக் கருதிய ஒன்று, அடியார் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றவருக்கு எளிய உயிர்களின் வடிவிற் கிடைத்தது என்பதே பதிகத்தின் உட்பொருள்.

இனி, இப்பாடல்களில் இயற்கைக்கும் இறைவனுக்கும் உள்ள தொடர்பு எவ்வாறு சொல்லப்பட்டிருக்கின்றது என்பதை நோக்குவோம். இப்பதிகத்தில் ‘போல’ என்னும் உவமவுருபு இவ்விரண்டையும் இணைக்கவில்லை. ‘ஆதலால்’ என்னும் சொல்லும் இணைக்கவில்லை. கோழி பெடையோடு வருவதைக் கண்டேன். ஆதலால் இவற்றைப் படைத்தவன் ஒருவன் உளன் எனத் துணிந்தேன் என்று அவர் கூறவில்லை. கண்டேன் என்கின்றார்; உடனே மீண்டும் கண்டேன் என்கின்றார். முதற் காட்சிக்கும் இரண்டாம் காட்சிக்கும் இடையே வாதம் எதுவும் இல்லை, இடைவெளியும் இல்லை.

சைவ நூலோர் அறிவுக்குரிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என வகுப்பர். புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு எனத் துணிதல் கருதல் அளவை. உலகத்தைக் கொண்டு அதனைச் செய்தவனைத் துணிதலும் இவ்வகையினதே. 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் செய்த சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் இம்முறையிலேயே செல்கின்றது. அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலையுடையது. ஆகவே அதனைத் தோற்றுவிக்கும் தலைவன் ஒருவன் உளன் என்பது அதன் போக்கு. மேல்நாட்டில் வில்லியம் பேலி என்பார் 1802 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும் இதனையொத்த வாதம் ஒன்று உண்டு. வெட்டவெளியிற் கிடக்கும் கடிகாரத்தைக் கண்டால் அதனைச் செய்தவன் ஒருவன் இருத்தல் வேண்டும் என உணர்கின்றோம். அவ்வாறே உயிர்களின் உறுப்பமைதியைக் கண்டு அவற்றை வகுத்தவனை உணர்தல் வேண்டும் என்றார் அவர். 1859 இல் டார்வின் தமது நூலை வெளியிட்டு, உறுப்பமைதி இயற்கைத் தேர்வினாற் படிப்படியாக விளைதல் கூடும் என்று காட்டியபோது, பேலியின் வாதம் பெரிதும் தளர்ந்தது. கடிகாரத்தை நம்பியிருந்த பலருடைய சமய நம்பிக்கையும் அதனோடு தளர்ந்தது.

நாவுக்கரசருடைய பதிகத்துக்கு அத்தகைய தளர்ச்சி நேர்தற்கு இடமில்லை. ஏனெனில், அவர் கோழியைக் கொண்டு எதனையும் நிறுவ முயலவில்லை. கோழியின் சிறகு எவ்வாறு உண்டாயிற்று என்பதை உயிரியல் ஆசிரியர் எத்துணை நுணுக்கமாக விளக்கினும், அவ்விளக்கம் இப்பாட்டிலுள்ள காட்சியோடு முரண்படுவதில்லை. சாத்திரம் கருதல் அளவையிற் செல்வது. அதற்குரிய இடமும் பயனும் வேறு. தோத்திரம் காட்சியிற் செல்வது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, தேவாரத்தின் இயற்கைப் பகுதியை இறைவன் உண்மைக்குச் சான்றாகக் கற்பிப்போமாயின், அறிவியல் கற்கும் மாணவன் ஒருநாள் அச்சான்றை மறுப்பான். மறுத்தபின் பாட்டையும் கைவிடுவான். இஃது ஆசிரியர் யாவரும் அஞ்ச வேண்டிய ஒன்று.

ஆயின், புலன்களுக்கு எட்டாத இறைவனைக் கண்டேன் என்று கூறுதல் சைவ சித்தாந்தத்துக்குப் பொருந்துமோ என்னும் ஐயம் எழலாம். உயிரின் சிற்றறிவினால் இறைவன் அறியப்படான் என்பதே சித்தாந்தத் துணிபு. நாவுக்கரசரும் இதனை மறந்தவரல்லர். இறைவனது அருளையே கண்ணாகக் கொண்டு கண்டாலன்றி அவனைக் காட்டுதல் இயலாது என்னும் கருத்தை அவரே பிறிதோரிடத்தில் உரைத்துள்ளார். அதனால்தான் ஐயாற்றுப் பதிகத்திற் காட்சி மூன்று படிகளாக அமைகின்றது. முதலாவது, எவரும் காணும் விலங்கும் பறவையும். இரண்டாவது, இறைவன் திருவடி. மூன்றாவது, அதுகாறும் கண்டறியாதவை. களிற்றையும் கோழியையும் அவர் முன்னரும் பன்முறை கண்டிருப்பார். அவ்வாறாகவும் கண்டறியாதன கண்டதாகக் கூறுவதன் பொருள் யாது? புதிய பொருள்கள் வந்தன என்பதன்று. பழைய பொருள்களே புதியனவாகத் தோன்றின என்பதே. மாறியது கோழி அன்று, காண்பவர் கண்.

இக்காட்சிக்குச் சேக்கிழார் தரும் விளக்கம், நிற்பனவும் இயங்குவனவும் தம் துணைகளோடு சத்தியும் சிவமுமாய்ப் பொலிந்தன என்பது. பதிகத்தின் ஒவ்வொரு பாட்டும் அம்மையப்பரைப் பாடித் தொடங்குதலால் இவ்விளக்கம் மூலத்துக்கு முற்றும் இயைந்ததே. எனினும், விளக்கத்துக்கும் மூலத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சேக்கிழார் காட்சியின் கருத்தைச் சொல்கின்றார். நாவுக்கரசர் காட்சியை மட்டும் தந்து கருத்தை நமக்கு விட்டுவிடுகின்றார். இறுதிப் பாட்டில் ஏறு வருகின்றது. அது பெருமானுடைய ஊர்தியாயிற்றே என்று ஒரு சொற் சேர்த்திருப்பின் எளிதாகப் பொருள் விளங்கியிருக்கும். அவர் அதனைச் சேர்க்கவில்லை. அந்த ஏறு வயலில் வரும் ஏறாகவே நிற்கின்றது. அவ்வாறு நிற்பதாலேயே காட்சி உயிருள்ளதாகின்றது.

ஈண்டு ஒரு தடையையும் நீக்குதல் வேண்டும். எல்லாப் பொருளிலும் இறைவனைக் கண்டார் எனின், இயற்கையே இறைவன் என்பது அவர் கொள்கை போலும் எனச் சிலர் கூறுவர். அற்றன்று. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று உவமை காட்டி, உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம் எனப் பிரித்துரைப்பது சைவம். குடம் குயவன் ஆகாது. ஆயினும் குடத்தின் வளைவில் அவன் கை பட்ட இடம் தெரியும். மேலும், உயிர்கள் பக்குவமடைதற்பொருட்டே உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் அருளப்பட்டன என்பது சித்தாந்தம். எனவே படைப்பு இறைவனுடைய கைத்திறத்தைக் காட்டுவதோடு அமையாது, அவனது கருணையையும் காட்டுகின்றது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க ஆங்கிலப் பாட்டு ஒன்று உண்டு. ஜெராட் மான்லி ஹொப்கின்ஸ் என்னும் இயேசு சபைத் துறவி 1877 இல் எழுதி, அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின் 1918 இல் அச்சேறிய சிறு கவிதை, புள்ளியும் வரியுமுடைய பொருள்களுக்காக இறைவனைப் போற்றுகின்றது. பல நிறப் பசுவைப் போன்ற வானம், மீனின் மேலுள்ள புள்ளிகள், சிறு குருவியின் சிறகு, உழுத நிலத்தின் துண்டுகள், தொழிலாளரின் கருவிகள் ஆகியவற்றை அது அடுக்கிச் செல்கின்றது. மாறுதலுடைய இப்பொருள்களை எல்லாம் தோற்றுவிக்கும் இறைவனின் அழகு மாறுதலற்றது என்பது அதன் முடிபு. எளிய பொருளிடத்து இறைவனின் படைப்பைக் காணும் கண் இருவருக்கும் பொதுவானது. ஆனால், இருவரும் நோக்கும் இடம் வேறு. ஹொப்கின்ஸ் ஒவ்வொரு பொருளையும் மற்றொன்றினின்று பிரித்துக் காட்டும் தனித்தன்மையில் இறைவனைக் காண்கின்றார். நாவுக்கரசர் ஒன்றை மற்றொன்றோடு சேர்க்கும் இணைப்பிற் காண்கின்றார். முன்னவர்க்குப் புள்ளி முக்கியம். பின்னவர்க்குத் துணை முக்கியம். சத்தியைப் பிரித்துச் சிவத்தை எண்ணாத சமயத்திற் பிறந்த பாட்டு அவ்வாறு அமைதல் இயல்பே.

இத்துணையும் ஏற்றுக்கொண்டவரும் ஒரு வினாவை எழுப்பலாம். தேவார இயற்கை முழுவதும் கண்ணாற் கண்டதா? மரபு பற்றிச் சொல்லப்பட்டவை அதில் இல்லையா? உண்டு என்றே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். காவிரிச் சமவெளியிலுள்ள ஐயாற்றுக்கு வெள்ளருவியை அடையாக்குவது மரபேயாகும். நம் நாட்டுத் தலங்களைப் பற்றிய பதிகங்களும் இதற்குச் சான்றாகும். திருஞானசம்பந்தர் இராமேச்சுரத்திலிருந்தே கோணமலையையும் கேதீச்சரத்தையும் பாடினார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. கோணமலைக் கடல் சந்தனமும் அகிலும் மணியும் வாரிவந்து முத்தைக் கொழிப்பதாகவும், மாதோட்டத்துச் சோலையில் வண்டு பண்செய்ய மயில் நடமாடுவதாகவும் அவர் பாடியிருப்பன கேள்வியும் மரபும் கலந்தனவே. ஆயினும் மரபு என்பது பொய் என்று பொருள்படாது. பலர் பலகாலம் கண்டு சொல்லிச் சேர்த்த காட்சியே மரபு. திறனாய்வாளன் செய்ய வேண்டியது, மரபின் சொல் எங்கே வெறுஞ் சொல்லாக நிற்கின்றது, எங்கே கண்ணும் கருத்தும் கலந்து உயிர்பெறுகின்றது எனப் பகுத்தறிதலே.

உயிர்பெற்றமைக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். அதே திருவையாற்றைச் சம்பந்தர் பாடிய, முதலாந் திருமுறையிலுள்ள பதிகத்தின் முதற்பாட்டு யாவரும் அறிந்தது. கோயிலை வலம்வரும் மகளிர் நடமாட, முழவு அதிர்கின்றது. அவ்வொலியை இடிமுழக்கமெனக் கருதி மழை வருகின்றதென்று அஞ்சிய மந்திகள் சில, கலங்கி மரத்திலேறி முகிலைப் பார்க்கின்றன. இஃது ஓர் அழகிய நகைச்சுவைக் காட்சி என்று கூறி விட்டுவிடுதல் வழக்கம். ஆனால் அப்பாட்டின் முற்பகுதி யாது? ஐம்புலனும் கலங்கி, அறிவு தடுமாறி, கோழை மேலிட்டு உயிர் நீங்கும் வேளையில், அஞ்சாதே என்று அருள்செய்யும் பெருமான் உறையும் கோயில் என்பதே முற்பகுதி. இருபகுதியிலும் கலக்கம் உண்டு. இருபகுதியிலும் அச்சம் உண்டு. மகிழ்ச்சியின் முழக்கத்தை இடியென மயங்கிய மந்தியின் அச்சத்தைக் கண்டு நாம் நகைக்கின்றோம். இறுதி வேளையில் மனிதனுக்கு உண்டாகும் அச்சமும் அத்தகைய மயக்கமாக இருத்தல் கூடாதோ என்னும் எண்ணம் நகைப்பின் பின்னே மெல்ல எழுகின்றது. மந்தியை நீக்கிவிட்டாற் பாட்டின் முற்பகுதி வெறும் அறிவுரையாகக் குறைந்துவிடும். இயற்கை வருணனை என்ற இரு சொற்களாற் கைவிடப்படும் பகுதியிலேயே பாட்டின் ஆறுதல் அடங்கியிருக்கின்றது.

மாணிக்கவாசகர் இதே பார்வையை வேறோர் அளவிற் செலுத்துகின்றார். திருவண்டப்பகுதியில், எண்ணிலடங்காத அண்டங்கள் இறைவன்முன் எவ்வாறு தோன்றும் என்பதைக் கூற வந்தவர், வீட்டினுள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் நுண்துகள்களை உவமையாக எடுக்கின்றார். பேரண்டத்தை உணர்த்த ஓட்டைக் கூரையின் கீழ் எவரும் காணும் தூசி போதியதாயிற்று. பின்னர், ஞாயிற்றில் ஒளியையும் திங்களில் தண்மையையும் தீயில் வெம்மையையும் நீரில் இன்சுவையையும் வைத்தவன் அவன் என எண்ணிச் செல்கின்றார். தூசியினின்று அண்டத்துக்கும், அண்டத்தினின்று ஒரு வாய் நீரின் சுவைக்கும் பார்வை தடையின்றிச் சென்று வருகின்றது. ஒளிக்கதிர் துகள்களிற் பட்டுச் சிதறுவதனாலேயே அதன் வழி நம் கண்ணுக்குப் புலனாகின்றது என்பதைப் பௌதிகம் கற்கும் மாணவர் அறிவர்; 19 ஆம் நூற்றாண்டில் டின்டால் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்தார். மணிவாசகர் இதனைக் கூறவில்லை. ஆயினும் இதனை அறிந்த மாணவன் அவ்வுவமையைப் படிப்பானாயின், தூசி இல்லையேல் ஒளியின் நடையும் தெரியாது என்னும் புதிய சுவையொன்றைப் பெறுவான். அறிவியல் பாட்டின் பகையன்று என்பதற்கு இதுவே போதும்.

இனி, எல்லாவற்றினும் வலிய தடைக்கு வருவோம். மயிலிலும் முத்திலும் இறைவனின் படைப்பைக் காணுதல் எளிது. கொடிய இயற்கையில் என் செய்வது? முத்தைக் கொழிப்பதாகப் பாடப்பட்ட அதே கீழைக் கடல் 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் கரையைக் கடந்து வந்தது. நம் நாட்டில் மட்டும் 30,000 இற்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தம் மக்களை அக்கடலுக்குக் கொடுத்த பெற்றோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அழகியவற்றை மட்டும் கண்டு மகிழும் பத்தி அவர்கள்முன் நிற்கவல்லதோ?

தமிழ்ப் பத்தி மரபு அழகியவற்றோடு நின்றுவிடவில்லை என்பதற்குக் காரைக்காலம்மையார் சான்று. தேவார முதலிகளுக்கு முற்பட்டவர் அவர். திருவாலங்காட்டைப் பற்றிய அவருடைய மூத்த திருப்பதிகங்களிற் சோலையும் வண்டும் இல்லை. கள்ளியின் கவட்டிற் காலை நீட்டும் பேய், நள்ளிரவில் ஒலிக்கும் வாகையின் உலர்ந்த நெற்றுக்கள், கூகையின் குரல், எரியும் பிணம். எவரும் முகந்திருப்பும் அவ்விடத்தைக் கண்திருப்பாது நோக்கி, அங்கேயே பெருமானின் ஆடலைக் கண்டார். வாகை நெற்று ஒலிப்பதைக் கேட்கும் அவருடைய செவி, குயிலைக் கேட்கும் செவியிலும் கூர்மையிற் குறைந்ததன்று. அழித்தலையும் இறைவனது ஐந்தொழிலுள் ஒன்றாகக் கொண்டு, அதனை இளைத்த உயிர்களுக்கு அளிக்கும் ஓய்வு என உரைக்கின்றது சித்தாந்தம்.

ஆயினும், அக்கருத்தை நூலிற் படிப்பது எளிது. கடற்கரையில் நின்று, இழந்தவர் முகத்தை நோக்கிச் சொல்வது எளிதன்று. சொல்லுதல் தகுவதும் அன்று. அம்மையார் தம்மையே அக்காட்டில் ஒரு பேயாக வைத்துப் பாடினார். துன்பத்துக்குப் புறத்தே நின்று பிறர்க்கு விளக்கம் கூறியவர் அல்லர் அவர். அழிவிடத்துக் கூத்தைக் காணும் உரிமை, அவ்வழிவினுள் நின்றவர்க்கே உண்டு. மற்றையோர் கடமை, இழந்தவர் அருகில் அமைதியாக இருத்தலும், இயன்ற உதவியைச் செய்தலுமே. எளிய பொருளில் இறைவனைக் காணும் பார்வைக்கு இவ்வடக்கமும் ஓர் உறுப்பு. அடக்கமற்ற பார்வை நாளடைவில் நயமற்ற பேச்சாகவே முடியும்.

மேற்கூறியவற்றால் நாம் பெறும் துணிபுகள் இவை. தேவாரத்து இயற்கை, சான்றாக அன்றிக் காட்சியாகப் பயன்பட்டிருக்கின்றது. அக்காட்சிக்கு அரிய பொருள் வேண்டுவதில்லை. அரிய கண்ணே வேண்டப்படுகின்றது. அக்கண்ணுக்குக் கூர்மை இன்றியமையாதது. நாவுக்கரசர் குயிலை ‘வரிக்குயில்’ என்கின்றார். வரி என்பதற்கு இசை என்றும் கோடு என்றும் பொருளுண்டு. கோடு எனக் கொள்வோமாயின், ஆண்குயில் முழுக் கருமையாகவும் பெண்குயில் புள்ளியும் வரியும் உடையதாகவும் இருத்தலை நினைக்க வேண்டும். நம் கல்லூரி வளவில் வேம்பில் வந்தமரும் குயில்களுட் பெண் எது, ஆண் எது என்று எத்துணை மாணவர் சொல்லவல்லர்? பறவையை அறியாதவனுக்குப் பாட்டின் அடைமொழியும் விளங்காது. அடைமொழி விளங்காதவன் திருவடியைக் கண்ட சொல்லை மட்டும் மனனஞ் செய்வதாற் பெறும் பயன் சிறிதே.

ஆகவே சைவநெறி கற்பிக்கும் ஆசிரியர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்லுதல் நன்று. உயிரியல் ஆசிரியர் உடன்வருவாராயின் மிக நன்று. வேலியிலுள்ள பூவரசும் கிளுவையும், பனையில் அமரும் கிளியும், வயலில் நிற்கும் நாரையும், அயலவர் வளவிற் பெடையோடு திரியும் சேவலும் அவர்களுக்குப் பாடமாகட்டும். எதனைக் கண்டாய் என்று ஒவ்வொருவரையும் வினவி, கண்டதைக் கண்டவாறே எழுதச் செய்தல் வேண்டும். இறைவனைப் பற்றி எதுவும் எழுதுமாறு கேட்க வேண்டியதில்லை. அதன்பின் மீண்டும் வகுப்பறைக்கு வந்து ஐயாற்றுப் பதிகத்தைப் பண்ணோடு ஒருமுறை பாடச் செய்வோமாயின், களிற்றுக்கு அடுத்துக் கோழி ஏன் வந்தது என்பதை ஆசிரியர் விளக்க வேண்டிய தேவை ஏற்படாது.